குமுதாக்கா சொல்லாத ஆறு வரி

எழும்பூர்ல வண்டி ஏறும்போதே எப்சிபாவுக்குத் தெரியும், பல்லாவரம் வர்றதுக்குள்ள சொல்லியாகணும். பல்லாவரத்துல குமுதாக்கா இறங்கிடுவாங்க, இவ அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை, அதுக்கப்புறம் சொல்றதுன்னா போன்லதான் சொல்லணும், போன்ல சொல்ற விஷயமா இது, பன்னெண்டு வருஷமா ஆபீஸ் டெலிபோன் போர்டுல உக்காந்து ஊர்ப் பொய்யெல்லாம் காதால கேட்டுக் கேட்டு லைன் குடுத்த மனுஷிகிட்ட போன்ல போய் என்னத்த மழுப்புறது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், லேடீஸ் பெட்டி பாதி காலி, அப்படியும் ஜன்னலோரம் ஒரு அம்மா பக்கத்து ரெண்டு சீட்லயும் துணிப்பையைப் பரப்பி வெச்சுக்கிட்டு, அந்தப் பைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வெளிய பாத்துக்கிட்டு இருந்துச்சு. மத்த நாளா இருந்தா எப்சி அந்தப் பைகிட்டயே பேசியிருப்பா, ஏம்மா பை, டிக்கெட் எடுத்தியா, எங்க இறங்கப் போற, மாசாமாசம் பாஸான்னு. இன்னிக்கு வாய் வரல. "கொஞ்சம் பைய எடுத்துக்கறீங்களா"ன்னு கேட்டா. அந்தக் குரல் அவளுக்கே புதுசா இருந்துச்சு, யாரோ நல்ல பொண்ணு கேக்கற மாதிரி. குமுதாக்கா உக்காந்து, குச்சிய நாலா மடக்கி மடியில வெச்சுக்கிட்டு, "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னாங்க. "ஏங்க்கா?" "சண்ட போடாம சீட்டு வாங்கிட்ட. எட்டு மாசத்துல இதான் மொதத் தடவ." எப்சி சிரிச்சா. சிரிப்பு தொண்டைய விட்டு வெளிய வந்துச்சே தவிர, அவளுக்குள்ள இருந்து வரல.

எட்டு மாசம். காலேஜ் நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு, ஸ்க்ரைப் தேவைன்னு, பார்வை இல்லாதவங்க சொல்லச் சொல்ல பரீட்சை எழுதித் தர்றதுக்கு ஆள் வேணும்னு. எப்சி பேர் குடுத்தது சேவை மனசால இல்ல, அந்தத் தாள்ல 'பொறுமையானவர்கள் மட்டும் அணுகவும்'னு போட்டிருந்துச்சு, யாரு பொறுமையானவங்கன்னு யாரு முடிவு பண்றதுன்னு கேக்கத்தான் ஆபீஸ் ரூமுக்குப் போனா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம அவ பேரையே மொதப் பேரா எழுதிக்கிட்டு குமுதாக்காகிட்ட அனுப்பிட்டாங்க. ஸ்க்ரைபுக்கு ஒரே ஒரு சட்டம்தான். சொன்னத எழுதணும். தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். கமா போடுன்னா கமா, போடச் சொல்லலேன்னா மூச்சு முட்டுனாலும் கமா கிடையாது. கடைசில எழுதினத எல்லாம் ஒரு தடவ படிச்சுக் காட்டணும், சொன்னவங்க சரின்னா கையெழுத்து. நாக்க வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத எப்சிக்கு அது பொறந்ததுல இருந்து யாரும் குடுக்காத தண்டனை. ஞாயித்துக்கிழமை மாதிரிப் பரீட்சைக்குச் சேந்து போயிட்டு வர்றது போக, அக்கா வீட்ல உக்காந்து பழகும்போது, "அக்கா, இத இப்படி மாத்திச் சொன்னா நல்லாருக்கும்"னு ஒரு தடவ ஆரம்பிச்சா. "நீ பரீட்சை எழுதும்போது மாத்திக்கோ. இப்ப நீ என் கை. என் கை எங்கிட்ட பேசாது"ன்னாங்க குமுதாக்கா. அப்புறம் அந்தக் கைக்கு ரெண்டு முறுக்கு குடுத்தாங்க.

சேத்துப்பட்டு போயிருச்சு. நுங்கம்பாக்கம் வருது. இன்னும் நிறைய ஸ்டேஷன் இருக்குன்னு எப்சி மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா, நிறைய எங்க இருக்கு, ஆனாலும் சொல்லிக்கிட்டா. அஞ்சு வாக்கியம். ஆறு வரி. ஆறு வரிக்கு இவ்ளோ வேர்வையா. காத்து அனலா அடிக்குது, ஜன்னல் கம்பி சுடுது. காலைல பரீட்சை நடந்த எழும்பூர் ஸ்கூல் வாசல்லயே ஆரம்பிச்சது. வாட்ச்மேன் ஹால் டிக்கெட்ட வாங்கிப் பாத்துட்டு எப்சியப் பாத்து, "இவங்க பேரு என்னம்மா?"ன்னாரு. குமுதாக்கா பக்கத்துலயே நிக்குறாங்க, முழுசா நிக்குறாங்க, ஊதாக் கலர்ல புடவ, நகத்துக்கு அதே ஊதால பாலிஷ், மேட்சிங்கா இருக்கான்னு ரயில்ல மூணு தடவ கேட்டுக்கிட்டவங்க, அவங்களப் போய் இவங்கன்னு, பார்சல் மாதிரி. எப்சி வாயத் தொறந்தா. "விடு"ன்னாங்க அக்கா. ரூம் மூணாவது மாடின்னாங்க, பார்வை இல்லாத ஆளுக்கு மூணாவது மாடி. எப்சி மறுபடி வாயத் தொறந்தா. "படிதானடி, படிக்குக் கண்ணு தேவையில்ல, காலு போதும், விடு"ன்னாங்க. அந்த ரெண்டு விடுவும் எங்கயும் போகல, எப்சி வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. கடைசிக் கேள்வி கட்டுரை, இருவது மார்க், 'பெருநகர வாழ்வில் வேலையும் அன்றாடப் பயணமும்'. குமுதாக்கா ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. மூணாவது பத்தில, "சைதாப்பேட்டை நிலையத்தில் ஒருவர் தினமும் என் முழங்கையைத் தொட்டு, பெண்கள் பெட்டி இங்கே வரும் என்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இந்த நகரமும் அவரைப் போலத்தான். பெயர் சொல்லாமல் உதவும்"னாங்க. உதவுமாம். எந்த ஊரு, வாசல்ல நின்னு இவங்க பேரு என்னன்னு கேட்டுச்சே, அந்த ஊரா. அப்ப எப்சியோட பேனா, அக்கா சொன்னத விட்டுட்டு, தானா நகர்ந்துச்சு. நிக்கல. சூப்பர்வைசர் கதவாண்ட செல்போன்ல கவுந்து கெடந்தாரு, மேல ஃபேன் கடகடன்னு ஓடிச்சு, பேனா ஓடிச்சு.

'ஒரு நடைமேடையில் ஏறி இறங்க முகம் தெரியாத ஒருவரின் இரக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியிருப்பது இந்த நகரத்துக்கு வெட்கக்கேடு. மின்தூக்கி இருக்கிறது, ஓடுவதில்லை. அறிவிப்பு இருக்கிறது, காதில் விழுவதில்லை. காலால் தடவி நடக்க மஞ்சள் ஓடு இருக்கிறது, அதன் மேல் கடை இருக்கிறது. எங்களுக்கு உதவி வேண்டாம், வழி வேண்டும்.' எழுதி முடிச்சப்போ அவ்ளோ நல்லா இருந்துச்சு. அதான் அசிங்கம், நல்லா இருந்துச்சு, மேடைல பேசிட்டு இறங்குன மாதிரி காதெல்லாம் சூடா இருந்துச்சு. அதோட விட்டிருந்தாக்கூட ஒரு ஆத்திரம்னு சொல்லிக்கலாம். படிச்சுக் காட்டற நேரம் வந்துச்சுல்ல, அந்த இடம் வந்ததும் எப்சியோட கண்ணு வெட்கக்கேடு மேல இருந்துச்சு, வாய் மட்டும் பெயர் சொல்லாமல் உதவும்னு படிச்சுச்சு. ஒரு எழுத்து பிசகாம. குமுதாக்கா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, "நல்லா வந்திருக்குல்ல?"ன்னாங்க. "ம்." அந்த ம்-தான் இப்ப கோடம்பாக்கம் வரைக்கும் வந்து நெஞ்சுக்கு நடுவுல நிக்குது. ஊர்ல ஒருத்தர விடாம பொய்யன்னு திட்டுறவ. ஆட்டோக்காரர், கேன்டீன் மேனேஜர், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பிரசங்கம் பண்ற ஐயர் வரைக்கும் நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கறவ. கண்ணு தெரியாதவங்க முன்னாடி தாள வெச்சுக்கிட்டு இல்லாதத படிச்சுட்டு வந்திருக்கா. இதவிடக் கேவலமா ஒரு பொய் சொல்ல முடியுமான்னு தேடிப் பாத்தா, கிடைக்கல.

மாம்பலத்துல ஒரு கும்பல் ஏறுச்சு, துணிக்கடைப் பை, மல்லிப்பூ, வேர்வை, ஒரு கொழந்த பீப்பீ ஊதிக்கிட்டு. கொய்யாக்கா விக்கற அம்மா வந்துச்சு. "ரெண்டு குடும்மா, உப்பு மொளகாத்தூள் நல்லாத் தடவி"ன்னு குமுதாக்கா வாங்கி, ஒண்ண எப்சி கைல திணிச்சாங்க. கொய்யாவக் கைல வெச்சுக்கிட்டு எப்சி கணக்குப் போட்டா. சொன்னா என்ன ஆகும். இந்த டிபார்ட்மெண்ட் பரீட்சை குமுதாக்காவுக்கு மூணாவது தடவ, மூணு தடவதான் எழுத முடியும். அடுத்த மாசம் டெலிபோன் போர்ட மூடுறாங்க. பாஸ் பண்ணா இங்கயே அசிஸ்டென்ட் சீட்டு, இல்லேன்னா திருவண்ணாமலை ஆபீஸ்ல காலி இருக்காம், அங்க மாத்திருவாங்க. இந்த ஊர காலால மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கற மனுஷி. ஸ்டேஷன் படிலருந்து வீட்டு கேட்டு வரைக்கும் எத்தன அடின்னு தெரியும், எந்த டீக்கடை தாண்டி எந்தச் சாக்கட மூடி ஆடும்னு தெரியும். ஒரு தடவ எப்சி, "எப்படிக்கா இதெல்லாம், செம பவர்க்கா உங்களுக்கு"ன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டா. "பவரும் இல்ல மண்ணும் இல்ல. எண்ணுறேன். நீயும் எண்ணு, உனக்கும் வரும்." அப்படி எண்ணி எண்ணிச் சேத்த ஊர விட்டுட்டு முப்பத்தஞ்சு வயசுல வேற ஊர மொதல் அடிலருந்து எண்ணணும். எப்சி எழுதினதப் படிச்சு அந்தப் பேப்பர் திருத்தற ஆபீசர் கடுப்பானா, கட்டுரை மார்க்கு போச்சு. ஒருவேள அவருக்குப் புடிச்சுட்டா? புடிக்கலாம்ல? புடிச்சு இருவதுக்குப் பதினெட்டு போட்டா? அப்ப சொல்லாம இருக்கறதுதான நல்லது. சொன்னா அக்காவும் தெரிஞ்ச ஆளாயிடுவாங்க, தெரிஞ்சும் சும்மா இருந்தா அவங்களும் தப்பு பண்ணவங்க, சும்மா இல்லேன்னா பேப்பரே போச்சு. ஆக, சொல்லாம இருக்கறதுதான் அன்பு. அட, எவ்ளோ அழகா வந்து நிக்குது பாரு வாதம், எங்க போனாலும் கடைசில தனக்குச் சாதகமா. இப்படித்தான் எல்லாச் சண்டையும் ஜெயிச்சோமான்னு எப்சிக்கு மொதத் தடவையா ஒரு சந்தேகம் வந்துச்சு. கொய்யா கசந்துச்சு. கொய்யா எங்கயாவது கசக்குமா.

சைதாப்பேட்டைல வண்டி நின்னப்ப குமுதாக்கா முகத்த வாசப் பக்கம் திருப்புனாங்க. அங்கதான் ஆபீஸ். "ஞாயித்துக்கிழமை அந்த ஆளு வர மாட்டாருல்ல"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, "எப்சி, அந்த மூணாவது பத்திய இன்னொரு தடவ சொல்லு. வீட்ல எங்காளு ரசத்தக் கொதிக்க விட்டுட்டு உக்காந்திருப்பாரு, போன உடனே என்ன எழுதுனன்னு கேப்பாரு. சொல்லிக் காட்டணும்"னாங்க. "அப்புறம் சொல்றேங்க்கா." "ஏன், இப்ப என்ன வேலை? அதோ அந்தம்மா பையோட சண்ட போடப் போறியா?" ஜன்னலோர அம்மாவுக்குக் கேட்டிருக்கும், பைய நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. கிண்டி. பரங்கிமலை. பழவந்தாங்கல். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எப்சி வாயத் தொறந்தா, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் யாரோ ஏறுனாங்க இல்ல இறங்குனாங்க, யாரும் ஏறாத மீனம்பாக்கத்துல ஒரு விமானம் தலைக்கு மேல இறங்குச்சு. அது போன உடனே ஒரு அமைதி வந்துச்சு பாரு, அந்த அமைதிக்குள்ள அவ வாய் தானா வுழுந்துருச்சு. "அக்கா, நீங்க சொன்னத நான் எழுதல."

குமுதாக்கா கொய்யாவக் கடிக்கறத நிறுத்தல. "எத?" "மூணாவது பத்தி." "மறந்துட்டியா?" "இல்ல. வேற எழுதிட்டேன்." "படிச்சுக் காட்டுனியேடி." "நீங்க சொன்னதப் படிச்சேன். தாள்ல வேற இருந்துச்சு." மென்னுக்கிட்டு இருந்த வாய் நின்னுச்சு. "சொல்லு"ன்னாங்க. "அக்கா, அது வந்து, காலைல அந்த வாட்ச்மேன்..." "வாட்ச்மேன் கத வேணாம். எழுதுனதச் சொல்லு. ஒரு கமா விடாத." எப்சி சொன்னா. அஞ்சு வாக்கியத்தையும் சொன்னா, ஹால்ல அவ்ளோ நல்லா இருந்தது ரயில்ல சொல்றப்ப டமாரம் அடிக்கற மாதிரி இருந்துச்சு, எங்களுக்குங்கற இடத்துல குரல் உள்ள போயிருச்சு. "சத்தமாச் சொல்லு." "எங்களுக்கு உதவி வேண்டாம், வழி வேண்டும்." குமுதாக்கா கைல இருந்த கொய்யாவ ஜன்னல் வழியா வீசுனாங்க. "எங்களுக்கா? உனக்கு எப்படி கண்ணு போச்சு? எனக்குச் சொல்லவே இல்ல?" எப்சி தன் கொய்யாவ மடியில வெச்சா. "ஏண்டி, நான் என்ன சாமியாரா? அந்த லிஃப்டு ஓடாததெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்த ஓட்டு மேல வெச்ச கடைல முட்டுனவ நானா நீயா? பேப்பர் திருத்தறவன் ஒரு ஆபீசரு, ரிட்டயர் ஆகப்போற வயசு, அவன்கிட்ட போய் வெட்கக்கேடுன்னா மார்க் போடுவானா, உதவுச்சுன்னாதான் உருகிப் போய் போடுவான். எனக்கு சீட்டு வேணும்டி. அதுக்காகத் தேடித் தேடி, பொய்யும் இல்லாம, நெசமா நடந்ததுலயே இனிப்பா ஒண்ணப் பொறுக்கி எடுத்து வெச்சேன். என் கோவத்த நான் எங்க வெச்சிருக்கேன், எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும். என்னக் கேக்காம அத எடுத்துச் செலவு பண்ண நீ யாரு?"

திரிசூலம் வந்து போச்சு. எப்சிக்கு அழுகை வந்துச்சு. அழுதா அது வேற ஒரு வாதம் பண்ற மாதிரி ஆயிடும்னு கஷ்டப்பட்டு முழுங்குனா. "அழறியா?"ன்னாங்க அக்கா. "இல்ல." "அழாத. அழுதா நான் சமாதானம் பண்ணணும், எனக்கு இப்ப அந்த மூடு இல்ல." பல்லாவரம் வந்துச்சு. குமுதாக்கா குச்சிய உதறி நீட்டுனாங்க, எந்திரிச்சாங்க, "இறங்கு"ன்னாங்க. "நானா? நான் குரோம்பேட்டை..." "இறங்குன்னா இறங்கு." ப்ளாட்பாரத்துல நின்னதும் எப்சியோட முழங்கையப் புடிச்சுக்கிட்டாங்க, இறுக்கமா, நகம் பதியற மாதிரி. வெளிய போற படிப் பக்கம் எப்சி திரும்புனா. "அங்க இல்ல. எதிர் ப்ளாட்பாரம். எழும்பூர் போறோம். விடைத்தாள் கட்ட நாலரைக்குத்தான் சீல் வெப்பாங்க, அந்தப் பரீட்சை ஆபீஸுக்கு நான் எத்தன வருஷமா லைன் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியும்." "அக்கா, சொன்னீங்கன்னா அந்தக் கேள்விய அடிச்சுடுவாங்க. இருவது மார்க் போயிரும்." "போகட்டும்." "பேப்பரையே கூட கேன்சல்..." "பண்ணட்டும்." "நான் போய்ச் சொல்லிக்கிறேங்க்கா, என் தப்புதான, நீங்க வீட்டுக்குப் போங்க, ரசம்..." "நீ சொல்லி நீ வாங்கிட்டு வந்ததெல்லாம் போதும். என் நம்பர் போட்ட தாளுடி அது. என் வாயிலருந்து வராத ஒண்ணு என் நம்பரோட சுத்திக்கிட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வராது, சீட்டு கெடச்சாலும் வராது." மேம்பாலப் படி ஏறும்போது ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குச்சு. பாதிப் படில நின்னு, "மீதி எம்பதுல அம்பது வந்தா பாஸ். மத்த பதிலெல்லாம் நான் சொன்னபடி எழுதிருக்கியா?"ன்னாங்க. "அம்மா மேல சத்தியமா." "எதையும் திருத்தி எழுதலியே?" "ரெண்டு எடத்துல தப்பாச் சொன்னீங்க, தப்பாவே எழுதிருக்கேன்." "எந்த ரெண்டு எடம்?" சொன்னா. குமுதாக்கா நாக்கக் கடிச்சுக்கிட்டாங்க. "அதயாவது மாத்தியிருக்கக் கூடாதா, சனியனே."

கடற்கரை போற வண்டி அரை மணி கழிச்சு வந்துச்சு. பெட்டில ஏழெட்டுப் பேருதான். குமுதாக்கா குச்சிய மடக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. எப்சிக்கு இவ்ளோ நேரம் வாய மூடிப் பழக்கமே இல்ல, நாக்கு எங்க வெக்கறதுன்னு தெரியாம வாய்க்குள்ள சுத்திச் சுத்தி வந்துச்சு. ஆபீஸ்ல என்ன கேப்பாங்க, ஸ்க்ரைப் லிஸ்ட்லருந்து பேர எடுத்துடுவாங்க, எடுக்கட்டும், ஞாயித்துக்கிழமைல இந்த வண்டி இருக்காது, ஊதாவா நீலமான்னு கேக்க ஆள் இருக்காது, முறுக்கு இருக்காது, அக்கா அங்க மலை அடிவாரத்துல மொதல் அடிய எண்ணிக்கிட்டு இருப்பாங்க, ஒண்ணு, ரெண்டு. எப்சி அந்தப் பக்கமே யோசிக்கக் கூடாதுன்னு திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே போனா. நுங்கம்பாக்கம் தாண்டும்போது குமுதாக்கா, "அந்த ஆறு வரிய இன்னொரு தடவ சொல்லு"ன்னாங்க. எப்சி மெதுவாச் சொன்னா, இப்ப யாரோ எழுதுனதச் சொல்ற மாதிரி. அக்கா உதட்ட ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கேட்டாங்க. "நல்லாத்தான் எழுதிருக்க. அதான் இன்னும் எரிச்சலா இருக்கு. ஆனா ஒண்ண விட்டுட்ட." "என்னத்தக்கா?" குமுதாக்கா குனிஞ்சு ஊதாப் புடவைய லேசாத் தூக்கி, எப்சியோட கையத் தேடி எடுத்து, முழங்காலுக்குக் கீழ வெச்சாங்க. ஒரு ஜாண் நீளத்துக்குத் தழும்பு, நடுவுல குழிஞ்சு, ஓரத்துல தையல் போட்ட முடிச்சு முடிச்சா. எப்சியோட விரல் அது மேல போய் நின்னுச்சு. "ப்ளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கற சந்து"ன்னாங்க குமுதாக்கா. "இத விட்டுட்டு என்னடி உனக்குக் கோவம்?" "எப்பக்கா இது? சொல்லவே இல்லியே." "இதெல்லாம் சும்மா உக்காந்து சொல்ற விஷயமா. ஒரு நாள் நோட்ட எடுத்துக்கிட்டு வா, நான் சொல்றேன், நீ எழுது. நான் சொல்றத மட்டும்." வண்டி வேகம் கொறஞ்சுது, சேத்துப்பட்டு வந்துச்சு. "இப்ப காலை விடு, நேரா உக்காரு. அந்தப் பரீட்சை ஆபீஸ் சூப்ரெண்டு முன்னாடி மூஞ்சி வீங்கிப் போய் நின்னா, நான் அடிச்சுட்டேன்னு நெனச்சுக்கப் போறான்."